பக்கவாசல் வழியாக வந்த ஏலியம்மா

அன்றைக்கு மூட்டம் விலகவே இல்லை. பத்தடி தள்ளி நிற்கிறவன் மாமனா மச்சானா என்று தெரியாத மூட்டம். எங்கள் ஜெபக்கூடத்து வாசலில் கரைவேட்டியும் கறுப்புக் கோட்டுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். அறுப்புப் பண்டிகை நாள். கீழே ஏலச்செடிச் சரிவிலிருந்து வெள்ளையாக ஒரு உருவம் ஏறி வந்தது.

முதலில் துணிதான் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு, தலையை மூடிய வெள்ளைத் துணி. அப்புறம் இடுப்பில் சாய்த்துப் பிடித்த நேந்திரங்குலை. கடைசியாக முகம். நாற்பது வயது இருக்கும். தலையில் பூ இல்லை. கழுத்தில் தாலி இல்லை. கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

என் சம்சாரம் எஸ்தர் பூத்தட்டோடு பக்கத்தில் நின்றாள். வந்தவளுக்குத் தட்டை நீட்டப் போனவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னேன்.

நான் தப்பே செய்யாதவன் மாதிரி இந்தத் தொடரில் இதுவரை பேசி வந்திருக்கிறேன். இந்த வாரம் அப்படிப் பேச முடியாது. அந்த ஒரு கண்ஜாடையை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

தகரக் கூரைக் கோயில்

அந்தக் கூடத்தைக் கட்டியது நான். போடிமெட்டு தாண்டி அந்தச் சரிவில் முதல் தகரக் கூரைக் கோயில் அதுதான். கல்லும் நான் சுமந்தேன், மரமும் நான் அறுத்தேன். ஆட்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கை படாத கல் அதில் கிடையாது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பதினாலு வயதில் ஏலக்காய் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் போடிக்கு இறங்கினவன். அப்புறம் கங்காணி ஆனேன். அப்புறம் சொந்தத் தோட்டம், ஏலக்காய் உலர்த்தச் சொந்த ஸ்டோர், போன வாரம் சொன்னேனே, அந்த ஜீப்பு. அந்தப் பக்கத்தில் தமிழ்க் கங்காணி ஒருவன் சொந்த ஜீப்பில் போனான் என்றால் அது நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கூடத்தில் பாய் கிடையாது. ஏலக்காய் அள்ளின சாக்குகளை விரித்து உட்காருவோம். ஆராதனை முடிந்து எழுந்தால் எல்லார் துணியிலும் ஏலக்காய் வாசம் இருக்கும். மழை பிடித்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பிரசங்கம் கேட்காது. எங்கள் போதகர் ஐயர் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்பார். கூரை பேசி முடித்த பிறகு அவர் பேசுவார்.

பண்டிகை என்றால் எங்கள் சபையார் மட்டும் இல்லை. காய் பறிக்க ராசிங்காபுரத்திலிருந்து வந்த இந்துக் குடும்பங்களும் வரும். பாட்டைக் கேட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். எல்லாருக்கும் ஒரே சாக்கு, ஒரே சோறு. நீ எந்தச் சாதி, எந்த ஊர் என்று என் வாசலில் யாரையும் கேட்டதில்லை. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். ஐயரே ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

வாசலில் பெரிய எவர்சில்வர் தட்டு. மல்லிகைப்பூ, சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு. சந்தனத்தை நாங்கள் நெற்றியில் வைக்க மாட்டோம், கழுத்தில் தடவுவோம். பூ காலையில் முதல் நடையாகப் போடியிலிருந்து என் ஜீப்பில் ஏறி வரும். மலைக் குளிரில் சாயங்காலம் வரை வாடாது.

கூடத்துக்கு இரண்டு வாசல். தட்டு நிற்பது முன்வாசலில். சமையல் கொட்டகைப் பக்கம் சின்னதாக ஒரு பக்கவாசல் உண்டு. புருஷனை இழந்த பெண்கள் அதன் வழியாக வருவார்கள். அப்படிச் சட்டம் யாரும் போடவில்லை. தட்டைத் தாண்டி வெறுங்கழுத்தோடு போகச் சங்கடப்பட்டு அவர்களே அப்படி வரப் பழகிவிட்டார்கள். என் தங்கச்சி பாக்கியமும் அந்த வழிதான். அவள் புருஷன் காய்ச்சலில் போன பிறகு என் வீட்டில்தான் இருந்தாள். பண்டிகைச் சமையல் முழுக்க அவள் பொறுப்பு. கொட்டகையிலிருந்து வர அதுதானே பக்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம்

என் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை. அதற்கு அந்தப் பக்கம் முந்தின வருஷம் கோட்டயம் பக்கத்திலிருந்து ஒரு மலையாளக் குடும்பம் வந்து குடிசை போட்டது. வர்க்கி என்று அவர் பெயர். நாங்கள் வர்க்கிச் சேட்டன் என்போம். ஓடைத் தண்ணீரை மறித்துக் கட்டுவதில் அவரோடு நான் இரண்டு தடவை சத்தம் போட்டிருக்கிறேன்.

அவர்களும் வேதக்காரர்கள்தான். சாயங்காலம் விளக்கு வைத்து அவர்கள் ராகம் இழுத்து ஜெபிப்பது ஓடை தாண்டிக் கேட்கும். எங்கள் பாட்டு அவர்களுக்குக் கேட்டிருக்கும். ஒரே சாமியை இரண்டு பாஷையில் கும்பிட்டுக்கொண்டு தண்ணீருக்கு அடித்துக்கொண்டோம்.

பண்டிகைக்கு மூன்று வாரம் முன்னால் வர்க்கிச் சேட்டனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கம்பளியில் கட்டித் தூக்கி, போடிமெட்டிலிருந்து வாடகை ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆள் பிழைப்பது கஷ்டம் என்று தூக்கிப் போனவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சேதி இல்லை. நானும் விசாரிக்கவில்லை.

அவர் சம்சாரம் ஏலியம்மாவை நான் பார்த்ததெல்லாம் தோட்டத்தில், கைலி கட்டித் தலையில் துண்டு சுற்றித்தான். இப்போது உச்சி முதல் கால் வரை வெள்ளையில் வருகிறாள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண் அப்படி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சேட்டன் போய்விட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

எஸ்தர் என் காதருகில் வந்தாள்.

"ஏங்க, அந்தம்மா காதப் பாருங்க. மேல்காதுல இத்தத்தண்டி வளையம் தங்கத்துல கெடக்கு. புருசன் போனவ போடுற நகையா அது?"

"மலையாளத்துல அப்படித்தான். எனக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும். வெரசா பாக்கியத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போயி உக்கார வையி."

எஸ்தர் அவள் கையைப் பிடித்து, மெதுவாக, மரியாதையாகத்தான், சுவரைச் சுற்றிப் பக்கவாசலுக்குக் கூட்டிப் போனாள். ஏலியம்மா ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊர்க் கோயிலில் புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் வழி என்று நினைத்திருப்பாள். நான் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் இருந்தேன்.

நான் செய்த ஜெபம்

ஐயருக்கு அன்றைக்கு வேறொரு சபையிலும் ஆராதனை. மத்தியானம்தான் வருவார். அதனால் தொடக்க ஜெபம் என் வாயால். படிப்பில்தான் நான் மட்டம். ஜெபத்தில் என்னை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது.

காணிக்கையெல்லாம் முன்னால் வைத்தார்கள். மிளகு, ஏலக்காய், பூசணி, கால் கட்டின சேவல், ஏலியம்மாவின் நேந்திரங்குலை. எல்லாரும் சாக்கில் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் நின்றாள். பாக்கியம் முண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னதற்குச் சிரித்துத் தலையாட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். அவர்கள் கோயிலில் கடைசி வரை நின்றேதான் கும்பிடுவார்களாம். அது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு நான் துக்கம் என்று நினைத்தேன். கையை உயர்த்தி ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் சகோதரர் வர்க்கியை உம்மிடம் எடுத்துக்கொண்டீர். விதவையாகி வந்து நிற்கிற இந்தச் சகோதரியின் கண்ணீரைத் துடையும்."

விதவை என்ற சொல் மலையாளத்திலும் அதேதான்.

அலறல் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், உட்கார்ந்திருந்தவர்களின் தோளையும் தலையையும் பிடித்துக்கொண்டு அவள் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"என்டெ கெட்டியோன் மரிச்சோ?" என்றாள். என் புருஷன் செத்துவிட்டாரா என்று என்னிடமே கேட்கிறாள்.

அவள் வாசலில் நின்ற என் ஜீப் டிரைவர் காசியைப் பார்த்தாள். காலையில் அவன் போடியிலிருந்து வந்தது அவளுக்குத் தெரியும். அவன்தான் சேதி கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். "ஆரு பறஞ்சு? எப்போ?" என்றாள். யார் சொன்னது என்று அவனைக் கேட்கிறாள்.

காசி இரண்டு அடி பின்னால் போனான். "என்னயப் பாக்காதீக ஆத்தா. நா பூவத்தான் கொண்டாந்தேன். ஆஸ்பத்திரிப் பக்கமே போகல."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. நூறு பேர் இருப்பார்கள். என்னிடம் கூலி வாங்குகிறவர்கள், என் சொல்லுக்கு எழுந்து நிற்கிறவர்கள். பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யாரோ சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என் கோட்டுக் கையைப் பிடித்திருந்தாள். விடுகிற மாதிரி இல்லை.

"யாரும் சொல்லல தாயி," என்றேன். "ஒங்க வெள்ளத்துணியப் பாத்துட்டு நானாச் சொல்லிப்புட்டேன்."

அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே சாக்கில் உட்கார்ந்தாள். சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு ஒரு நூலை வெளியே எடுத்தாள். அதில் அரசிலை மாதிரி சின்னத் தங்கத் துண்டு, நடுவில் புள்ளி புள்ளியாய்ச் சிலுவை. மின்னு என்பார்கள். அவர்கள் தாலி. அவ்வளவு நேரமும் சட்டைக்குள் இருந்திருக்கிறது. அதை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். திட்டவில்லை.

அப்புறம் அவள் சொன்னதைப் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகக் கேட்டுக்கொண்டோம். முதல் வாரம் புருஷனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். காய் பழுத்து வெடிக்கிற பருவம் என்பதால் கொழுந்தனை அங்கே விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினாளாம். அவர்கள் கோயிலுக்கு அரை நாள் நடக்க வேண்டும். இங்கே பாட்டுச் சத்தம் கேட்கிறதே, இவர்களும் நம்மவர்கள்தானே, புருஷனுக்காக ஒரு ஜெபம் செய்யச் சொல்லலாம் என்று, இருந்ததில் நல்ல துணியை, அவர்கள் பெண்கள் கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளையை, உடுத்திக்கொண்டு ஓடை தாண்டி வந்தாளாம்.

பூத்தட்டு

எஸ்தர் முன்வாசலுக்கு ஓடிப்போய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தெரியாமப் பண்ணிட்டோம், மன்னிச்சுக்கங்க" என்று பூவை அள்ளி நீட்டினாள். ஏலியம்மா தட்டின் விளிம்பில் கையை வைத்து நிறுத்தினாள்.

"ஞங்கள் பூ வைக்கில்ல. அந்தப் பழக்கம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கட்டே? என்டெ ஆளு செத்திருந்தா இது எனிக்கு இல்லியா?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பதில் சொன்னது பாக்கியம். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வழி கேட்டவர்களுக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"இல்லத்தா. அப்பப் பக்கவாசல்தான். நா பதினோரு வருசமா அப்படித்தான் வர்றேன்."

முன்னால் கட்டிப் போட்டிருந்த சேவல் சிறகடித்தது. நான் நிறுத்தின ஜெபத்தை மறுபடி ஆரம்பிக்கவில்லை. பாட்டுப் பாடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஏலியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் காசியிடம் ஜீப் சாவியை வாங்கினேன்.

போடிக்கு இறக்கம்

நானே ஓட்டினேன். ஏலியம்மா பாக்கியத்தின் கையை விடவில்லை. அதனால் இரண்டு பேரும் முன் சீட்டில் ஏறினார்கள்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். நான் எங்காவது புறப்பட்டால் பாக்கியம் எதிரே வர மாட்டாள். ஜீப் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடுவாள். ஏல வியாபாரம், பத்திரப்பதிவு, கல்யாணம், எதற்குப் புறப்பட்டாலும் அப்படித்தான். நான் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னதும் இல்லை. அந்த ஜீப்பு வாங்கி ஒன்றரை வருஷத்தில் அவள் அதில் ஏறினது அன்றைக்குத்தான்.

செக்போஸ்ட் தாண்டி வளைவுகளில் இறங்கினோம். ஏலியம்மா மலையாளத்தில் முணுமுணுத்து ஜெபித்துக்கொண்டே வந்தாள். அவள் மூச்சு விட நிறுத்துகிற இடத்திலெல்லாம் பாக்கியம் ஆமென் சொன்னாள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது அவளுக்கு. பாதி மலையில் மூட்டம் அறுந்து வெயில் அடித்தது. கீழே போடி தெரிந்தது. எனக்குக் கோட்டுக்குள் வேர்த்தது. வேகமாகவும் ஓட்ட முடியவில்லை, மெதுவாகவும் ஓட்ட முடியவில்லை. நான் வாயால் சொன்னது நடந்திருந்தால்? நூறு பேருக்கு நடுவே, கையை உயர்த்தி, ஆண்டவரிடமே சொல்லியிருக்கிறேனே.

ஆஸ்பத்திரி வார்டில் நுழைந்ததும் ஏலியம்மா முன்னால் ஓடினாள். கடைசிக் கட்டில் என்று சொல்லியிருந்தாள். அந்தக் கட்டிலில் ஆள் இல்லை. மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பாக்கியம்தான் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். "ஆத்தா, இங்க வா," என்று கூப்பிட்டாள். "ஒன் வீட்டுக்காரரு சவரம் பண்ணிக்கிட்டு இருக்காரு."

வராந்தா வெயிலில் ஸ்டூல் போட்டு, எலும்பும் தோலுமாக, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வர்க்கிச் சேட்டன் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத் தாடியை நாவிதர் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் தம்பி. மெத்தையைத் தட்டிப் போடுவதற்காகச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏலியம்மா போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். இடையில் இரண்டு தடவை என் பக்கம் கையை நீட்டினாள். சேட்டன் நுரையோடு திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு அவரை நான் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"கங்காணி," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஜெபத்துல என்னை எவிடே அனுப்பினீங்க? மேலயா, கீழயா?"

"மேலதான் சேட்டா."

"அப்ப சரி," என்றார். நாவிதர் கத்தியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார், சேட்டன் சிரித்து முடிக்கிற வரைக்கும்.

ஏலியம்மாவைப் புருஷனிடம் விட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம். போடி கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி ஒரு பந்து மல்லிகை வாங்கினேன். நான் எதையும் கொஞ்சமாக வாங்குகிறவன் இல்லை. அதைப் பாக்கியம் மடியில் வைத்தேன். அவள் அதை எடுத்து மோந்து பார்த்தாள். தலையில் வைக்கவில்லை.

"எனக்கு எதுக்குண்ணே பூவு," என்றாள். "வர்ற கிறிஸ்மசுக்குத் தட்ட எங்கையில குடு."

மலை ஏறிப் போடிமெட்டு வந்ததும்தான் சரி என்றேன்.

கிறிஸ்மஸ் காலை

எஸ்தர் அன்றைக்குத் தட்டைத் தானே ஜோடித்துப் பாக்கியத்தின் கையில் கொடுத்தாள். வெள்ளைச் சேலையில், முன்வாசலில், என் தங்கச்சி நின்றாள்.

சரிவில் ஏறி வந்த கூட்டம் வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டது. முதலில் வந்தவள் புது மருமகளோடு வந்திருந்தாள். மருமகளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, கொசுவத்தைச் சரி செய்கிற மாதிரி குனிந்தாள். சரி செய்துகொண்டே இருந்தாள். பின்னால் வந்தவர்கள் மூட்டத்தைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். வரிசை சரிவு வரைக்கும் நீண்டது. அதன் கடைசியில் கம்பு ஊன்றி வர்க்கிச் சேட்டனும் ஏலியம்மாவும் நின்றார்கள். தட்டைப் பிடித்திருந்த பாக்கியத்தின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ஆனால் அவள் நகரவில்லை.

நான் வரவேற்கிறவன். வாசலில் நிற்பேனே தவிர, என் வாசலில் எனக்கு யாரும் சந்தனம் தடவினது கிடையாது. படியிலிருந்து கீழே இறங்கினேன். மருமகளோடு நின்றவளைத் தாண்டி வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். செருப்பைக் கழற்றினேன். விருந்தாளி மாதிரி மறுபடி படி ஏறி என் தங்கச்சிக்கு எதிரே வந்து நின்றேன்.

அவள் சந்தனத்தை விரலில் எடுத்தாள். எடுத்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் ஆறடி ஆள். கோட்டுக் காலர் வேறு.

"குனிண்ணே," என்றாள். "எட்டல."

குனிந்தேன். சந்தனம் சில்லென்று இருந்தது. எனக்குப் பின்னால் செருப்புகளைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒரு ஜோடி, அப்புறம் இன்னொரு ஜோடி.